மூடியைத் திறந்தால் பெருமூச்சு

10 நவம்பர், திங்கள். மாலை 4.10. உதை: 43.

44ஆவது உதையில் ஸ்டார்ட் ஆனது. பேட்டரி செத்துவிட்டது, செல்ஃப் எடுக்கவில்லை. 16 நாள் நின்ற ஸ்கூட்டர். பவித்ரா ஆயக்குடிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போயும் அதே 16 நாள். வண்டி அவளுடையது. நான் மில் பஸ்ஸில் போகிறவன்.

மூட்டம். மழை இல்லை. வலது குதிகால் வலி.

கோளாறு, அவள் சொன்னபடி: கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். பிறகு இருமும். நின்றுவிடும். செத்த நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். 'இருமுது' அவளுடைய வார்த்தை. வண்டி இருமாது. மிஸ்ஸிங் என்று சொல், அல்லது ஆஃப் ஆகுது என்று சொல். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

பிளக் கழற்றினேன். கரி பிடித்திருந்தது. புதிது போட்டேன். ஸ்டாண்டில் 25 நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. கோளாறைக் காட்டாத வண்டியை எங்கே தொடுவது.

5.30க்கு மாமனார் போன். நலம், மழை, கொய்யா விலை. பிறகுதான் விஷயம். பவித்ராவுக்குப் பழனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் வேலை சொல்லியிருக்கிறார்களாம். வருகிற திங்கள், 17ஆம் தேதி சேர வேண்டும். ஆயக்குடியிலிருந்து தினம் போய்வர வண்டி வேண்டும். ஞாயிறு காலை இங்கே திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொய்யா இறக்க வரும் லோடு ஆட்டோ திரும்பும்போது சும்மாதான் போகும். அதில் ஏற்றிவிடச் சொன்னார்.

"ஏனுங்க மாப்ள, வண்டிய மட்டும் கொஞ்சம் பாத்து வெச்சிருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க."

சரிங்க மாமா என்றேன். வேறென்ன சொல்வது. இங்கே சித்தையன்கோட்டைப் பள்ளியில் அவள் போட்ட லீவு இந்த வாரத்தோடு முடிகிறது. பழனியில் சேர்ந்துவிட்டால் பிறகு இங்கே வர ஒரு காரணமும் கிடையாது.

கணக்கு நேராகவே இருக்கிறது. வண்டியைச் சரிசெய்தால் அது பழனிக்கு ஓடும். சரிசெய்யாவிட்டால் இங்கே நிற்கும்.

சர்க்கரை டப்பாவில் எறும்பு. வெயிலில் வைக்க வெயில் இல்லை.


11 நவம்பர், செவ்வாய். மாலை 3.20. மழை.

மில் விட்டு வந்ததும் கார்புரேட்டரைக் கழற்றினேன். ஸ்க்ரூ போட்டு வைக்கச் சமையலறையிலிருந்து நாலு தட்டு. ஒன்றில் 'ப' என்று வெட்டியிருக்கிறது. அதை மட்டும் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

ஜெட் கழுவினேன். லேசாக அழுக்கு. வண்டியை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ஏர் ஃபில்டர் தட்டினேன், தூசி.

கீழ் வீட்டு ரீத்தா அக்கா, வீட்டுக்காரம்மா, குடையோடு வந்து நின்று பார்த்தது.

"என்னப்பு, அம்புட்டையும் பிரிச்சுப் போட்டுட்ட. திரும்ப மாட்டத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"பொண்டாட்டியக் கூட்டியாரத் தெரியல, இதாவது தெரிஞ்சாச் சரி."

அன்றைக்கு அந்த அக்காவும் இருந்தது. எழுதியே விடுகிறேன், இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள். அக். 24, வெள்ளி. நல்ல மழை. செம்பட்டிக்கு இந்தப் பக்கம் வண்டி நின்றுவிட்டது. எனக்கு போன் செய்திருக்கிறாள், மில்லில் ஓவர்டைம், எடுக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்புறம் தானாகவே ஸ்டார்ட் ஆகி ஓட்டியே வந்தாள். புடவை முழங்கால் வரை சேறு. நான் போர்டிகோவில் வைத்தே ஒரு உதை உதைத்தேன், பட்டென்று எடுத்தது. ரீத்தா அக்கா முன்னால், அதன் வீட்டுக்காரர் முன்னால் சொன்னேன்: "வண்டிக்கு ஒண்ணுமில்ல. ஓட்டுற ஆளுதான் கோளாறு."

அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை 8.15 பழனி பஸ்.

மாலை 5. சோதனை: போர்டிகோ ஜன்னல் கம்பியில் ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, அடியில் ஓட்டை போட்டு, டேங்கை விட்டுவிட்டு அதிலிருந்து கார்புரேட்டருக்கு டியூப் கொடுத்தேன். குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. 40 நிமிடம் ஆக்சிலேட்டரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு இருமல் இல்லை. ஆகவே இன்ஜின் சுத்தம், கார்புரேட்டர் சுத்தம். டேங்க் பக்கம்தான் கோளாறு.

6.05க்கு பவித்ராவுக்கு போன் செய்தேன். வண்டி விஷயம் என்று ஒரு சாக்கு இருக்கிறதே.

"அங்க மழையா?" என்றேன். ஆமா என்றாள். வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"ஓடுமா?"

"ஓடும்."

"சரி. ஆர்.சி. புக்கையும் வெச்சு அனுப்பிரு."

41 வினாடி. அவர்கள் ஊரில் எதற்கும் ஒரு 'ங்க' ஒட்டிப் பேசுவார்கள். கல்யாணமான புதிதில் நான் எண்ணிக் கேலி செய்வேன். ஒரு நிமிடத்தில் 11 'ங்க' வந்தது ரெக்கார்டு. இன்றைக்கு 41 வினாடியில் பூஜ்யம். அனுப்பிரு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

மாவு புளித்துவிட்டது. அதையே ஊற்றித் தின்றேன். ரீத்தா அக்கா தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொடுத்துவிட்டது, பீன்ஸ். வேண்டாம் என்று சொல்ல அலுப்பு.


12 நவம்பர், புதன். மழை விட்டது. ரோடு ஈரம்.

ஓட்டிப் பார்க்காமல் தீராது. டேங்கில் பாதி இருந்தது. பழனி ரோட்டில் ரெட்டியார்சத்திரம் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம்.

3.35 கிளம்பியது.
3.58, கி.மீ. 11: இருமியது. (சரி, இருமியது என்றே எழுதுகிறேன். வேறு வார்த்தை பொருந்தவில்லை. இரண்டு மூன்று தடவை தொண்டையைச் செருமுவது போல.) ஆஃப்.
4.00: சீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் இருக்கிறது. மூடினேன்.
4.02: ஒரே உதை. எடுத்தது.

திரும்பும் வழியில், அங்கிருந்து 11 கி.மீ.யில் மறுபடியும். மறுபடி திறந்து பார்த்தேன், மறுபடி இருந்தது, மறுபடி எடுத்தது.

லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. ஓரத்தில் நிற்க இடம் கிடையாது, சேறு. நின்றுபோன வண்டியோடு நிற்கிறவனை எல்லோரும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒருத்தன் மட்டும் நிறுத்தி, பெட்ரோல் இல்லையா அண்ணே என்று கேட்டான். டிப்ளமோ மெக்கானிக்கல், ஆறு வருஷ மெயின்டனன்ஸ் அனுபவம் உள்ளவனைப் பார்த்து பெட்ரோல் இல்லையா என்று கேட்கிறான். எரிந்து விழுந்தேன் அவன்மேல். பாவம், உதவத்தான் வந்தான்.

அவள் இந்த மாதிரி எத்தனை தடவை நின்றிருப்பாள். எனக்கு இரண்டே தடவையில் கோபம் வந்துவிட்டது.


13 நவம்பர், வியாழன். வெயில்.

பெட்ரோல் டேப்பைக் கழற்றினேன். ஃபில்டரில் துரு இல்லை. டியூபை வாளியில் விட்டேன், கொட்டுகிறது. ஊதினேன், தடை இல்லை. டேங்கும் சுத்தம். எல்லாம் சுத்தம். எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் நிற்கிறது.

இரண்டு மணி நேரம் போச்சு. ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். ரீத்தா அக்காவின் துளசித் தொட்டியில் பட்டது. (வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்கள் வீட்டில் துளசி, இருமலுக்காம்.) தொட்டிக்கு ஒன்றும் இல்லை.

இதைக் குறித்து வைக்க வேண்டும். காலை மில்லில் 14ஆம் நம்பர் ஸ்பின்னிங் ஃப்ரேம் ஓட்டும் பேச்சியம்மா அக்கா கூப்பிட்டது. "தம்பி, மிசினு ரெண்டு நாளா மூக்கால அழுவுது. காலைல அழுவல, சூடேறுனாத்தான் அழுவுது." நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்: சத்தம், சூடான பின். எந்தப் பக்கம் அக்கா என்று கேட்டேன். இடது பக்கம், ஓரம் என்றது. நேராக அந்த பேரிங்கைத் திறந்தோம். அதேதான். 20 நிமிட வேலை.

எங்கள் மெயின்டனன்ஸ் ரூம் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது: 'ஓட்டுகிறவரைக் கேட்காமல் ஸ்பேனரைத் தொடாதே.' எழுதியது நான். பச்சைப் பெயின்ட்.

நாலு நாளாக ஸ்பேனரைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.


14 நவம்பர், வெள்ளி. மாலை 4.00

போன் செய்து கேட்கலாம். எடுப்பாள். அனுப்பிரு என்ற குரலில்தான் பதில் வரும். அதைக் கேட்கத் தைரியம் இல்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அக்டோபர் மாதம் பூராவும் பள்ளிக்கூடத்திலிருந்து குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தாள். நேரில் சொன்னால் நான் பாதியில் வெட்டிவிடுவேன், அதனால். வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். வண்டி பற்றியது மொத்தம் 6. ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்காததற்கு அடையாளமான புள்ளி ஆறிலும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் கீழே என் பதில் மட்டும் இருக்கிறது: கட்டைவிரல் படம்.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேட்டேன். வேகத்தைக் கூட்டாமல். 20 நாளாக இந்த வீட்டில் கேட்காத குரல். ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு வந்தேன், அது உறுமுகிறது.

அக். 6: "ஏனுங்க, இன்னைக்கு ஃபுல் டேங்க் போட்டனுங்க. அஞ்சாறு கிலோமீட்டர்லயே இரும ஆரம்பிச்சிருச்சு. நேத்து வரைக்கும் கம்முனு இருந்துச்சு."

அக். 8: "பெட்ரோல் குறையக் குறைய இருமலும் குறையுதுங்க. ரொப்புனாத்தான் சண்டித்தனம் பண்ணுது. எழுதி வெச்சுக்கோங்க."

இதை நேரிலும் ஒரு நாள் சொன்னாள். பெட்ரோல் இல்லாமல் நிற்கிற வண்டி உண்டு, பெட்ரோல் நிறைய இருப்பதால் நிற்கிற வண்டி உலகத்தில் உண்டா என்று கேட்டு வாயை அடைத்தேன்.

அக். 10, 13: அதே, தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து. அறிவியல் டீச்சர்.

அக். 15: "சிரிக்கக் கூடாது. சிரிக்க மாட்டேன்னு சொல்லுங்க. நின்னதுக்கப்புறம் டேங்க் மூடியத் தொறந்தா உஸ்ஸுன்னு ஒரு பெருமூச்சு விடுதுங்க. விட்டதும் சரியாப் போயிருது. அதுக்கும் மனசுல ஏதோ இருக்குதாட்டங்க." கடைசியில் அவளே சிரிக்கிறாள்.

போனைத் தரையில் வைத்துவிட்டேன். பெருமூச்சு. டேங்குக்குள் காற்று போக வழியில்லை. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம், ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்க மறுக்கிறது. ஃபுல் டேங்க் என்றால் உள்ளே காற்று கொஞ்சம், அதனால் சீக்கிரம் நிற்கும். மூடியைத் திறந்தால் காற்றை இழுத்துக்கொள்ளும், சரியாகிவிடும். முதல் வருஷப் பாடம். நான் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஏன் சரியானது என்று தலையைச் சொறிந்திருக்கிறேன். நேற்று டேங்கைச் சோதித்ததும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டேதான். மடையன். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தால் சத்தமாவது கேட்டிருக்கும்.

ஒன்று பாக்கி. அக். 24, மாலை 5.50. 38 வினாடி. பெரும்பாலும் மழைச் சத்தம். லாரி ஒன்று போகிறது.

"போனை எடுங்க... நின்னுருச்சுங்க. மழைல மூடியத் தொறந்தா டேங்க்ல தண்ணி எறங்கிரும், அதனால தொறக்கலீங்க. பரவால்ல. நான் தள்ளிட்டு வந்தர்றேன்."

மூன்று தடவை கேட்டேன். வண்டி கெட்டுவிடக் கூடாது என்று தள்ளியிருக்கிறாள்.

அதற்கும் கீழே கட்டைவிரல்.


15 நவம்பர், சனி. வார லீவு. காலை 7.10. வெயில் சுள்ளென்று.

டேங்க் நிறைத்தேன். பழனி ரோடு. கி.மீ. 5.2இல் இருமல், ஆஃப். ஹெல்மெட்டைக் கழற்றினேன். சீட்டைத் தூக்கிக் காதை வைத்து மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்.

அவள் சொன்ன சத்தம் அச்சு அசலாக. பெருமூச்சு என்பதைத் தவிர வேறு பெயர் அதற்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்தேன். மேலே நடுவில் குண்டூசித் தலை அளவு காற்றுத் துளை. அடைத்திருந்தது. சேறு என்று நினைத்தேன். அலமாரியில் அவள் புடவைக்குக் குத்தும் ஊக்கு ஒன்று கிடந்தது, அதை விட்டுக் குடைந்தேன். மஞ்சளாக, கெட்டியாக வந்தது. விரலில் தேய்த்தேன். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு.

சந்தனம். குங்குமம்.

ஆயுத பூஜை. அக். 1. அன்றைக்கு மில்லில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு மீதிச் சந்தனத்தைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தேன். பவித்ரா வண்டியைக் கழுவி வைத்திருந்தாள். முன்னால் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று போதுமுங்க என்றாள். நான் விடவில்லை. கண்ணாடிக்கு, கிக்கருக்கு, சைலன்சருக்கு. பிறகு சீட்டைத் தூக்கி, இதுதான் வயிறு, வயிற்றுக்கு ஒன்று என்று சொல்லிக் கட்டைவிரல் நிறைய அள்ளி டேங்க் மூடியின் நடுவில் வைத்து அழுத்தினேன். வண்டிக்குக் கூச்சமா இருக்கும், விடுங்க என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிச்சத்தை அவள் நெற்றியிலும் வைத்தேன்.

இந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி. பிறகு வண்டியைத் துடைத்தபோது மேலே இருந்தது போய்விட்டது. துளைக்குள் போனது போகவில்லை.

அக். 1 பொட்டு. அக். 6 முதல் இருமல். ஐந்து நாள். தேதிகூட அவள்தான் குறித்து வைத்திருக்கிறாள்.

ரீத்தா அக்கா துணி உலர்த்த வந்தது. மூடியைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தது. "எங்க வண்டிக்கு சாமியாரு தண்ணி தெளிச்சாரு, அது பாட்டுக்குக் காஞ்சு போச்சு. நீ என்னமோ செவத்துக்குப் பூசுற மாதிரி பூசியிருக்க."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அன்னைக்கு நாங்களும் சிரிச்சமே அப்பு," என்றது. துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மதியம் 12.30. துளை சுத்தம். டேங்க் நிறைய. ரெட்டியார்சத்திரம் தாண்டிப் போய்த் திரும்பினேன். 34 கி.மீ. மூடியைத் தொடவில்லை. ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஒரு இருமல் இல்லை.

ஆக, பழனிக்கு ஓடும்.

மாலை 3.00. ஊக்கு மேஜை மேல் இருக்கிறது. கிண்ணத்தில் அடியில் ஒட்டிய சந்தனமும் இன்னும் இருக்கிறது, யாரும் கழுவவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு விரல். திங்கள் காலை சத்திரப்பட்டி ரோட்டிலோ பழனி மலை தெரிகிற இடத்திலோ நிற்கும். புது வேலையின் முதல் நாள். யாருக்கும் தெரியாது. எனக்கு போன் செய்வாள்.

இதை யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், ஏழெட்டு நிமிடம். எழுதித்தான் வைக்க வேண்டும்.

பிறகு கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மாமனாருக்கு போன் செய்தேன். லோடு ஆட்டோ வேண்டாம் மாமா, நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவ்வளவு தூரமா, நின்னுருச்சுன்னா என்றார். நிற்காது என்றேன். பக்கத்தில் அவள் குரல் கேட்டது, என்னவாம் என்று. அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். அப்புறம் போனில், "வாங்க மாப்ள," என்றார். "புள்ள மழக் கோட்டு எடுத்துட்டு வரச் சொல்லுதுங்க." மழைக்கோட்டு யாருக்கு, வருகிற எனக்கா, இங்கே விட்டுப்போன அவளுடையதா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மாலை 5.00. மேற்கே மழைக் கருக்கல். மில்லுக்கு நாளையும் லீவு சொல்லியாயிற்று. நாளைக்கு:

1. காலை 5.30 எழுந்திருக்க வேண்டும். 6.15க்குள் கிளம்ப வேண்டும்.
2. டேங்க் நிறைய. ஆயக்குடி வரை மூடியைத் திறக்கக் கூடாது.
3. பையில்: ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், ஊக்கு. மழைக்கோட்டு இரண்டு, அவளுடையதும் என்னுடையதும்.
4. வழியில் கொய்யா வாங்கக் கூடாது. அவர்களுக்கே தோப்பு இருக்கிறது. போன தடவை வாங்கிக்கொண்டு போய் அசிங்கப்பட்டது போதும்.
5. மாமா, அத்தை எல்லோரும் இருக்கும்போதே சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னதைத் தனியாகக் கூப்பிட்டுச் சரிக்கட்டக் கூடாது. சொல்ல வேண்டியது ஒரே வரி: கோளாறு ஓட்டுன ஆளு இல்ல, பொட்டு வெச்ச ஆளு.
6. வெற்றிடம், காற்றுத் துளை என்று விளக்கம் கொடுக்கக் கூடாது. பெருமூச்சு என்றே சொல்ல வேண்டும்.
7. அவள் பேசினால் முடிக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும். 'ங்க' எண்ணக் கூடாது.
8. சாவியை அவள் கையில் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை எந்தப் பள்ளிக்கூடம் என்று நான் கேட்கக் கூடாது.
9. திரும்பி வர பஸ். எத்தனை டிக்கெட் என்று இப்போது எழுதவில்லை.